முடிவெடுப்பவருக்கு எவ்வளவு தெரியும்?



நம் வீடுகளில் பலர் ஏதோ ஒரு நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார்கள். மணலி, எண்ணூர் ஆலைகளில் ஷிப்டு சூபர்வைசராக, துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டு பார்ப்பவராக, காசிமேட்டில் கணக்கு எழுதுபவராக, பள்ளிவாசல் நிர்வாகக் குழுவில், மகளிர் சுய உதவிக் குழுவில், சொந்தக் கடையில் என்று பல இடங்களில். மற்றவர்கள் வேறு யாரோ எடுக்கும் முடிவுகளின் கீழ் வாழ்கிறார்கள். முகத்துவாரக்குப்பம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கப்பலை எப்போது உள்ளே விடுவது, குழாயை எப்போது இயக்குவது, மதகை எப்போது திறப்பது என்று எங்கோ ஒரு மேசையில் முடிவாகிறது. அதன் விளைவு ஒரே இரவில் நம் வாசலுக்கு வந்துவிடுகிறது.

அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் எப்படி முடிவெடுக்கிறார்? அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? அவர் தவறும்போது அது அறியாமையா, அலட்சியமா? நிர்வாகவியல் இதற்குச் சொல்லும் பதிலை, நம் கடற்கரையிலேயே நடந்த மூன்று நிகழ்ச்சிகளை வைத்து இந்தப் பாடத்தில் பார்ப்போம். படித்து முடித்ததும் நம் கமிட்டிக்கும் வீட்டுக்கும் பயன்படும் சில நடைமுறைகள் கையில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

1. எல்லாம் தெரிந்த மேலாளர் எங்கும் இல்லை

பழைய பொருளாதாரப் பாடங்களில் ஒரு கற்பனை மனிதர் வருவார். அவர் முன்னால் இருக்கும் எல்லா வழிகளும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வழியிலும் போனால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். எல்லாவற்றையும் எடைபோட்டு, மிகச் சிறந்ததை எடுத்துக்கொள்வார். படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒருவரை எந்த அலுவலகத்திலும் பார்க்க முடியாது.

இதை உரக்கச் சொன்னவர் ஹெர்பர்ட் சைமன். 1916-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, தன் சொந்த ஊரில் சிறுவர் விளையாட்டுத் திடல்களுக்கு ஒதுக்கிய பணம் எப்படிச் செலவாகிறது என்று ஆராயப் போனார். பள்ளி வாரியமும் நகரப் பொதுப்பணித் துறையும் சேர்ந்து அந்தத் திடல்களை நடத்தின. திடலைச் சீராக வைத்திருக்க எவ்வளவு, பிள்ளைகளை விளையாட வைக்கும் பயிற்சியாளர்களுக்கு எவ்வளவு என்பதில் இரண்டுக்கும் ஓயாத இழுபறி.

இன்னும் ஒரு டாலரை இந்தப் பக்கம் போட்டால் என்ன பயன், அந்தப் பக்கம் போட்டால் என்ன பயன் என்று கணக்குப் பார்த்திருப்பார்கள் என்பது சைமன் வகுப்பில் படித்த பாடம். நேரில் பார்த்தபோது அப்படி ஒருவரும் கணக்குப் போடவில்லை. பொதுப்பணித் துறைக்காரருக்கு வேலியும் தரையும் கண்ணில் பட்டன. பள்ளி வாரியத்துக்காரருக்குப் பிள்ளைகளின் விளையாட்டு கண்ணில் பட்டது. இருவருமே கெட்டவர்கள் இல்லை, முட்டாள்களும் இல்லை. அவரவர் நாற்காலியிலிருந்து தெரிந்ததை வைத்து அவரவர் நியாயமாகவே யோசித்தார்கள்.

இந்த அனுபவத்தை அடித்தளமாக வைத்து 1947-ல் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் பிஹேவியர்' என்ற நூலை சைமன் வெளியிட்டார். அமைப்புகளுக்குள் முடிவுகள் எடுக்கப்படும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் கருத்தின் பெயர் 'வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு'. மனிதன் யோசித்துத்தான் முடிவெடுக்கிறான், ஆனால் அந்த யோசனைக்கு எல்லை இருக்கிறது என்பதே அதன் சாரம்.

எல்லாவற்றையும் முழுமையாக அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்று நம்பும் நமக்கு இது புதிய செய்தி அல்ல. அந்த எல்லை ஓர் அலுவலகத்துக்குள் என்னென்ன வடிவத்தில் வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

2. மூன்று தட்டுப்பாடுகளும் 'இது போதும்' என்ற முடிவும்

மேலாளருக்கு எப்போதும் மூன்று பொருள்கள் தட்டுப்பாடு: தகவல், நேரம், கவனம். தகவல் குறைவாக வரும், அல்லது அளவுக்கு மீறி வந்து குவியும். நேரம் கடிகாரத்தின் கையில். மூன்றாவதான கவனத்தைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. ஒரே நாளில் நூறு தாள்கள் மேசைக்கு வந்தால், ஐந்தோ பத்தோதான் உண்மையில் படிக்கப்படும். மற்றவற்றில் கையெழுத்து மட்டும் விழும்.

இந்த நிலையில் ஒருவர் என்ன செய்வார்? மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்வார். அந்தக் கோட்டைத் தாண்டும் முதல் வழி கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார். லாரி உரிமையாளர் ஒருவர் டிரைவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் எல்லா டிரைவர்களையும் அவர் பார்ப்பதில்லை. கனரக வாகன லைசென்ஸ் இருக்கிறதா, குடிப்பழக்கம் இல்லையா, தெரிந்தவர் ஒருவர் நல்ல வார்த்தை சொல்கிறாரா என்று பார்ப்பார். மூன்றாவதாக வந்தவர் இதில் தேறினால் சாவியைக் கொடுத்துவிடுவார். நான்காவதாக இன்னும் நல்லவர் வந்திருக்கலாம். அது அவருக்குத் தெரியவராது.

சைமன் இதைக் குறை சொல்லவில்லை. மனிதரால் செய்யக்கூடியது இதுதான் என்றார். நல்ல நிர்வாகத்துக்கும் மோசமான நிர்வாகத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. களைப்பிலும் அவசரத்திலும் கோடு தானாகக் கீழே இறங்கிவிடும். இழப்பு தன் வீட்டுக்கு வராது என்று தெரிந்தால் இன்னும் கீழே இறங்கும்.

3. 2017 ஜனவரி 28: முதலில் சொன்ன சொல்

அன்று விடியும் முன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள், எண்ணெய்ப் பொருள்களோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். உயிர்ச்சேதம் இல்லை. துறைமுகத் தரப்பிலிருந்து வந்த முதல் அறிவிப்பு, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்ற தொனியில் இருந்தது. ஆனால் கனமான கறுப்பு எண்ணெய் எர்ணாவூர் கரையில் வந்து படிந்தது. அங்கிருந்து தெற்கே மெரினாவையும் தாண்டிப் பரவியது. கசிவு இருபது டன் அளவில் இருக்கும் என்று பேசப்பட்டது. கடைசியில் கடலோரக் காவல்படையின் கணக்கு ஏறக்குறைய 200 டன் அளவுக்குப் போனது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளை வைத்து எடுக்கப் பார்த்தார்கள். தார்போல் இறுகிய சேற்றில் அது சரியாக நடக்கவில்லை. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பணியாளர்களும் வாளியால் அள்ளினார்கள்.

எண்ணெய்க் கசிவில் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். பரவுவதற்குள் மிதவைத் தடுப்பு போட்டு வளைத்தால் கொஞ்சம் இடத்தோடு நிற்கும். பரவிய பிறகு நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும். ஆகவே 'கசிவு இருக்கிறதா, எவ்வளவு' என்ற முதல் மதிப்பீட்டில்தான் மற்ற எல்லாம் தொங்குகிறது. அந்த மதிப்பீடு ஏன் தவறுகிறது?

சைமனும் ஜேம்ஸ் மார்ச்சும் 1958-ல் எழுதிய நூல் ஒரு காரணம் சொல்கிறது. கீழே இருப்பவர் பார்த்ததில் சந்தேகமும் கலந்திருக்கும். மேலே போகப் போக சந்தேகம் உதிர்ந்து, முடிவு மட்டும் மிஞ்சும். ஓர் உதாரணம் பாருங்கள். படகில் நிற்பவர் “இருட்டாக இருக்கிறது, இதுவரை எண்ணெய் கண்ணில் படவில்லை” என்கிறார். சூபர்வைசர் “எண்ணெய் தெரியவில்லையாம்” என்கிறார். மேலாளர் “எண்ணெய் இல்லை” என்று எழுதுகிறார். அறிக்கையில் “பாதிப்பு இல்லை” என்று அச்சாகிறது. நால்வரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரி உண்மை இல்லை. 2017-ல் அச்சு அசலாக இப்படித்தான் நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. படிகள் உள்ள எந்த அமைப்பிலும் இது நடக்கும் என்பதே பாடம்.

இரண்டாவது காரணம், முதலில் காதில் விழும் எண் மனதை நங்கூரம் போலப் பிடித்துக்கொள்வது. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றி ஓர் எண்ணை வரவழைத்தார்கள். பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 வந்தவர்கள் சொன்ன பதில்களின் இடைநிலை மதிப்பு 25. 65 வந்தவர்களுக்கு அது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தும் முதல் எண் அவர்களை இழுத்துவிட்டது. இருபது டன் என்று மனதில் பதிந்தால், ஆட்களும் லாரிகளும் நாள்களும் இருபது டன்னுக்கு ஏற்றபடிதான் ஒதுக்கப்படும்.

இதற்கு மருந்து எளிது. அறிக்கையில் 'தெரிந்தது', 'தெரியாதது', 'எப்போது தெரியவரும்' என்று மூன்று வரிகள் தனித்தனியாக எழுத வேண்டும். “இப்போது இருட்டு. காலை ஏழு மணிக்கு மறுபடி பார்த்துச் சொல்கிறோம்” என்ற ஒரு வரி மேலே வரை அப்படியே போனால், அந்த மேசையில் எடுக்கும் முடிவே மாறும்.

4. 2023 டிசம்பர்: நாற்காலிக்கு ஏற்ற பார்வை

மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் மணலி மூழ்கியது. அந்த வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் வந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், எண்ணூர் குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று ஊர் ஊராகப் படகும் வலையும் கறுத்தன. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு எண்ணெய்க் கோடு விழுந்தது. தன் குழாய்களில் கசிவு இல்லை என்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், அதாவது சி.பி.சி.எல்., முதலில் கூறியது. அந்த வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னர் கண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

இரண்டு கூற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'குழாய் உடையவில்லை' என்பது ஒரு கேள்விக்குப் பதில். 'வளாகத்திலிருந்து மழைநீரோடு எண்ணெய் வெளியேறியதா' என்பது வேறொரு கேள்வி. குழாய்க்குப் பொறுப்பானவர் குழாயைப் பார்ப்பார். மழைநீர் வடிகால் யாருடைய கண்ணில் இருந்தது?

இதைப் பற்றியும் 1958-ல் ஒரு சிறு ஆய்வு உண்டு. சைமனும் டியர்பார்ன் என்பவரும் 23 நிறுவன அதிகாரிகளிடம் ஓர் எஃகு நிறுவனத்தின் கதையைக் கொடுத்து, இந்த நிறுவனத்தின் முதல் பிரச்சினை என்ன என்று கேட்டார்கள். விற்பனைத் துறையைச் சேர்ந்த 6 பேரில் 5 பேர் விற்பனைதான் பிரச்சினை என்றார்கள். மற்ற 17 பேரில் 5 பேர் மட்டுமே அப்படிச் சொன்னார்கள். எல்லோரும் படித்தது ஒரே கதை. ஒவ்வொருவரும் தன் வேலையை அதில் கண்டார்கள்.

அந்த டிசம்பரில் ஆற்றில் எண்ணெய் வந்ததை முதலில் பார்த்தவர்கள் மீனவர்கள். பிறகு அதை அள்ள இறங்கியவர்களும் அவர்கள்தான். பார்க்கும் கண் கரையில் இருந்தது, உத்தரவிடும் கை எங்கோ இருந்தது. இடையில் அந்தச் செய்தி விரைவாகப் போக வழி இல்லை என்றால், எவ்வளவு நல்ல அதிகாரி இருந்தாலும் தாமதமாகத்தான் அசைவார்.

நிவாரணத்தையும் கவனியுங்கள். தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். ஒவ்வொரு வீட்டின் இழப்பையும் தனித்தனியாக எடைபோட எந்த அரசுக்கும் நேரமும் ஆளும் கிடையாது. எனவே மூன்று பெட்டி போட்டு, யார் எந்தப் பெட்டியில் என்று பிரித்துக் கொடுப்பார்கள். இதுவும் 'இது போதும்' வகை முடிவுதான். வேகமாகப் பணம் போய்ச் சேர இது உதவும். ஆனால் ஒரு பெட்டிக்குள் இருப்பவர்கள் எல்லோருடைய இழப்பும் ஒன்றாக இருக்காது. எந்தப் பெட்டியிலும் சரியாக அடங்காத ஒருவர் இருந்தால், அவரை யாராவது கைபிடித்து அழைத்துப் போய்ச் சொன்னால் ஒழிய கணக்கில் வரமாட்டார்.

5. 2023 டிசம்பர் 26: வாடிக்கை வேலையா, புது நிலையா?

புயல் கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில் மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலுமாக மக்கள் விழித்துக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. சரக்கை இறக்குவதற்கு முன்னால் குழாயைக் குளிர்விக்கும் வேலை நடந்தபோது இது நேர்ந்தது. காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக வாரியம் அளந்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400. விசாரித்த தொழில்நுட்பக் குழு, புயலின்போது குழாயைச் சுற்றியிருந்த பாறைக் கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று கருதியது.

முடிவுகளை சைமன் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, எழுதிவைத்த முறைப்படி நடக்கும் வாடிக்கை முடிவு. மற்றொன்று, முறை எதுவும் எழுதப்படாத புது நிலையில் எடுக்க வேண்டிய முடிவு. வாடிக்கை முடிவுகள் இல்லாமல் எந்த ஆலையும் ஓடாது. ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது. ஆபத்து எங்கே என்றால், நிலைமை மாறிவிட்டதை ஒருவரும் கவனிக்காமல் பழைய முறையிலேயே வேலையைத் தொடங்கும்போது. பெரும்புயல் ஒன்று கடந்த பிறகு கடலடியில் கிடக்கும் குழாய் பழைய குழாயாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே நல்ல நடைமுறை விதியில் 'இன்னின்னது நடந்தால் இந்த விதி செல்லாது, நிறுத்து, முதலில் சோதி' என்ற வரியும் இருக்க வேண்டும். லாரி ஓட்டும் சகோதரர்களுக்கு இது எளிதில் புரியும். தினமும் போகும் சாலைதான் என்றாலும், தண்ணீர் நின்று வடிந்த மறுநாள் அதே வேகத்தில் யாரும் போகமாட்டார்கள்.

6. தெரியாமல் போனதா, தெரிந்துகொள்ள வழி வைக்காமல் போனதா?

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். மனித அறிவுக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொண்டால், தவறிய மேலாளர் எல்லோரையும் மன்னித்துவிட வேண்டுமா? இல்லை. இரண்டை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்.

விடிகாலை நான்கு மணிக்கு இருட்டில் எண்ணெய் தெரியவில்லை என்றால், அது அறிவின் எல்லை. அதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவது நீதி ஆகாது. ஆனால் இருட்டில் தெரியாது என்பது முன்பே தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எத்தனை மணிக்குள் மறுபடி பார்ப்பது என்று பகலிலேயே எழுதிவைக்காமல் விட்டால், அது எல்லை அல்ல, பொறுப்புத் தவறுதல். தன் அறிவு குறைவானது என்று தெரிந்த மேலாளருக்குக் கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் ஓரளவு இந்த வழியில்தான் யோசிக்கிறது. 1984 போபால் விபத்துக்குப் பின், ஆபத்தான இரசாயனப் பொருள்கள் பற்றி 1989-ல் விதிகள் வந்தன. ஆலைக்கு உள்ளேயும் வெளியேயும் என்ன செய்வது என்ற அவசரகாலத் திட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும். பாதிக்கப்படக்கூடிய பகுதி மக்களுக்கு அது பற்றித் தெரிவிக்க வேண்டும். 1996-ல் வந்த இரசாயன விபத்து விதிகள் மத்தியில், மாநிலத்தில், மாவட்டத்தில், உள்ளூரில் என்று நெருக்கடிக் குழுக்கள் அமைக்கச் சொல்கின்றன. எண்ணெய்க் கசிவுக்குக் கடலோரக் காவல்படையைப் பொறுப்பாக வைத்துத் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. இவை எல்லாமே, பதற்றத்தில் எடுக்க வேண்டிய முடிவை நிதானமான நேரத்தில் எடுத்து வைக்கும் ஏற்பாடு. ஏட்டில் இருப்பது தெருவுக்கு வந்திருக்கிறதா என்று கேட்பது குடியிருப்பவர்களின் உரிமை.

7. மஷூரா எதற்கு?

நம்மிடையே மஷூரா என்றால் மரியாதைக்காக நாலு பேரைக் கூட்டி வைத்து, முன்பே எடுத்த முடிவுக்குத் தலையாட்ட வைப்பது என்றாகிவிடக் கூடாது. அகழ்ப்போர் வரலாறு நமக்குத் தெரியும். மதீனாவைக் காக்க அகழி தோண்டலாம் என்ற யோசனை பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களிடமிருந்து வந்தது. அரபு நாட்டுப் போர் முறையில் அது வழக்கம் இல்லை. நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அங்கே கூடியிருந்த மற்றவர்களிடம் இல்லாத அனுபவம் ஒருவரிடம் இருந்தது. அவர் சொல்ல இடம் இருந்தது.

மேலே பார்த்த 23 அதிகாரிகளின் ஆய்வோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே வகை வேலை செய்பவர்கள் பத்துப் பேர் கூடினால், ஒரே பார்வைதான் பத்து மடங்காகும். வேறு வேறு இடத்திலிருந்து பார்ப்பவர்கள் நான்கு பேர் போதும். பெண்களின் குரலும் அதில் இருக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் நிறம் மாறியதையும் பிள்ளையின் இருமலையும் முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தான்.

8. நம் அளவில் செய்யக்கூடியவை

அ) கமிட்டியில்

கல்வி உதவிக்கு நூறு விண்ணப்பம் வருகிறது, ஒரே மாலையில் இஷாவுக்குப் பிறகு முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் இருபதுக்கு நிதானமாக நேரம் கொடுப்போம். கடைசி இருபதைத் தள்ளிவிடுவோம். சென்ற ஆண்டு பெற்றவருக்கே இந்த ஆண்டும் போகும். தெரிந்தவர் பரிந்துரைத்த பிள்ளை உடனே தேறிவிடும். பேசத் தெரியாத தாயின் மகள் தாளோடு தாளாகக் கிடப்பாள். அவள் கல்லூரிக்குப் போவதும் போகாமல் நிற்பதும் அந்த மாலையில் முடிவாகிறது. இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

• விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன்பே, எந்தக் கோட்டைத் தாண்டினால் உதவி என்று எழுதிவைக்கவும். ஆளைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்த வேண்டாம்.

• இரண்டு பேர் தனித்தனியே படித்துத் தங்கள் கருத்தைத் தாளில் எழுதிய பிறகே வாய்விட்டுப் பேசவும். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார்கள். மூத்தவர் கடைசியில் பேசட்டும்.

• நூறையும் ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு நாளாகப் பிரிக்கவும். இரண்டாம் நாள் அடியிலிருந்து தொடங்கவும்.

• எந்தப் பிரிவிலும் அடங்காத விண்ணப்பங்களுக்கு ஒரு தனிக் கோப்பு வைத்து, கட்டாயம் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வரவும்.

• முடிவோடு சேர்த்து, அப்போது என்ன தெரிந்திருந்தது, எப்போது மறுபடி பார்ப்போம் என்ற இரண்டு வரிகளை மினிட்ஸில் எழுதவும். அடுத்த ஆண்டு புதிதாக வருபவருக்கு அதுவே பாடம்.

ஆ) மனு கொடுக்கும்போது

அதிகாரியின் கவனம் குறைவு என்று இப்போது நமக்குத் தெரியும். அதற்கு ஏற்றபடி எழுத வேண்டும். பத்துக் குறைகளை ஒரே மனுவில் கொட்டினால் ஒன்றுகூட நகராது. ஒரு பக்கம், ஒரு பிரச்சினை, ஒரு கோரிக்கை. “துர்நாற்றம் தாங்கவில்லை” என்பதைவிட, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் தெரு, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை பேருக்கு என்ன ஆனது என்பது அவரை அசைக்கும். படம் இருந்தால் இணைக்கவும். யாருடைய கையில் அந்த முடிவு இருக்கிறது என்று விசாரித்து, அவருக்கே எழுதவும். சாலை, குப்பை, வடிகால் என்றால் மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலம். புகை, கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒப்புகைச் சீட்டை வாங்கி வைக்கவும். பதில் வராவிட்டால், 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இ) வேலை இடத்தில்

“சார், கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது” என்று சொல்பவரைக் கிண்டல் செய்யும் சூபர்வைசருக்கு அடுத்த முறை செய்தி வராது. ஷிப்டு மாறும்போது 'எல்லாம் சரி' என்று மட்டும் எழுதாமல், சரிபார்க்காதது எது என்றும் எழுதுங்கள். அந்த ஒரு வரியால் ஓர் உயிர் தப்பலாம்.

ஈ) வீட்டில்

குடும்பத் தலைவரும் மேலாளர்தான். நள்ளிரவில் அம்மோனியா வாடை வந்தால் யோசிக்க நேரம் இருக்காது, ஆகவே இன்றே பேசி முடிவு செய்யுங்கள். பாட்டியை யார் அழைத்து வருவது, பிள்ளைகளை யார் தூக்குவது, எந்தத் தெரு வழியாகப் போவது, பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வாடை வரும் பக்கம் போகாமல், காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மூச்சுத் திணறல் உள்ளவருக்கு 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லி வையுங்கள்.

9. சிந்திக்க

குடும்பத்தோடு உட்கார்ந்து பேசச் சில கேள்விகள்:

1. கடந்த ஆண்டில் நம் வீட்டில் எடுத்த பெரிய முடிவு எது? அப்போது நமக்குத் தெரியாமல் இருந்தது என்ன? கேட்டிருந்தால் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தாரா?

2. முதலில் கேட்ட விலையோ எண்ணோ நம்மைக் கட்டிப்போட்ட ஒரு சம்பவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

3. நம் தெருவுக்கு அருகில் உள்ள ஆலையின் அவசரகாலத் திட்டம் பற்றி நமக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? இல்லை என்றால் யாரிடம் கேட்பது?

4. உங்கள் வேலை இடத்தில் 'வழக்கம்போல' என்று நடக்கும் ஒரு வேலையைச் சொல்லுங்கள். எது நடந்தால் அதை வழக்கம்போலச் செய்யக் கூடாது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் குடும்பம், நாளை எந்த மேசையின் முன்னால் நின்றாலும் தெளிவாகக் கேட்கும். அந்த மேசைக்குப் பின்னால் உட்காரும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு வரும்போது, தனக்குத் தெரியாததையும் எழுதிவைக்கும் நேர்மை அவர்களிடம் இருக்கட்டும். நம் அறிவின் எல்லையை நமக்கு உணர்த்தி, அந்த எல்லைக்குள் நீதியாக முடிவெடுக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.